பூச்சி தங்குகிற மாடி

அடுகோடி
11 பிப்ரவரி 2024

ஆஸ்டின் டவுன் வீட்டுக்காரருக்கு,

வீணா எழுதுவது, அக்கா வீட்டிலிருந்து. போனை எடுக்காதது நான்தான். காந்தா அக்கா ஒன்றும் என் கையிலிருந்து பிடுங்கி வைக்கவில்லை. அவளைத் திட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதை முதலில் நிறுத்துங்கள். போனில் பேசினால் நீங்கள் கத்துகிறீர்கள், நான் அழுகிறேன், பிறகு வயிறு இழுத்துப் பிடிக்கிறது. டாக்டரம்மா படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் இனிமேல் எழுத்துதான். நாம் இரண்டு பேரும் தமிழ் மீடியத்தில் படித்ததற்கு ஒரு பலனாவது இருக்கட்டும். பக்கத்து வீட்டு மௌரீன் அக்கா தினமும் இங்கே தையல் கடைக்குத்தானே வருகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புங்கள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. தைரியமாக எழுதலாம்.

'கீரைக்காகக் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா' என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாமே. கீரைக்காகவா? நான் செக்கப்புக்குப் போயிருந்த நேரத்தில், மொட்டைமாடிச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று கம்பெனியிலிருந்து கரப்பான் மருந்தைக் கொண்டுவந்து அடித்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் அந்தச் செம்பருத்திக்குக் கீழே இருந்த தொட்டியில் முளைக்கீரை பறித்துக் கடைந்தேன். நான் பாதிச் சோறு சாப்பிட்ட பிறகு "கீரை எங்க வாங்குன?" என்று கேட்கிறீர்கள். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே விளங்கியது.

"செம்பருத்திக்குத்தான் அடிச்சேன், கீரைக்கு அடிக்கல." காற்றிடம் சொன்னீர்களா அதை?

ஏற்கனவே இரண்டு தடவை கலைந்த வயிறு இது. மருந்தால்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் தள்ளி இருப்பது நல்லது என்கிறார் டாக்டரம்மா. போன வருஷம் நம் வாசல் நிலையில் குளவி மண்கூடு கட்டியபோது, "கலைக்காதீங்க, குளவி கூடு கட்டுனா அந்த வீட்டுல குழந்தை பொறக்கும்" என்று அக்கா சொன்னாள். நீங்கள் ஸ்க்ரூ டிரைவரால் ஒரே தட்டு. பினாயில் போட்டுத் துடைத்துவிட்டு "சர்வீஸ் ஃப்ரீ" என்று சிரித்தீர்கள். அதனால்தான் அடுத்த மாதம் அப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை. நினைக்காமலும் இல்லை.

நான் வரவேண்டும் என்றால் ஒன்றே ஒன்றுதான். அந்த மாடியில் பூச்சிகள் வந்து தங்கிக் குட்டி போட்டுக் குடும்பம் நடத்த வேண்டும். பூச்சி பிழைக்கிற இடத்தில்தான் என் பிள்ளையும் பிழைக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

வீணா

ஆஸ்டின் டவுன்
15 பிப்ரவரி

வீணாவுக்கு,

பத்தாவதுக்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடத்தான். தப்பிருந்தால் சிரிக்காதே.

ஊரில் யாரிடமும் நான் சொல்லவில்லை. மௌரீன் அக்கா கேட்டாள், அவளிடம் சொன்னேன். அவளிடம் சொல்வதும் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான் என்றால் நான் என்ன செய்வது?

அந்தச் செம்பருத்தி வெள்ளை பூத்துக் காய்ந்துபோகிறதென்று மூக்கைச் சிந்தியது யார்? நீதானே. நீ அழுதால் எனக்குக் கை கால் ஓடாது. எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். கரப்பானா, மூட்டைப்பூச்சியா, கரையானா, போன் வந்தால் போய் ஒழித்துவிட்டு வருவேன். அதை வீட்டிலும் செய்தேன். நீ கீரை பறிப்பாய் என்று எனக்கு யார் ஜோசியம் சொன்னார்கள்? அன்றைக்கு ராத்திரி நீ தூங்கினாய். நான் உன் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது உனக்குத் தெரியாது.

கீரைத் தொட்டியை மண்ணோடு அப்புறப்படுத்திவிட்டேன். எல்லாச் செடியையும் தண்ணீரால் அடித்துக் கழுவியாயிற்று. வீட்டு ஸ்ப்ரேயரைச் சோப்புப் போட்டுக் கழுவி மாடிப்படி ஷீட்டுக்குக் கீழே ஆணியில் மாட்டியிருக்கிறேன். இனி அதைத் தொடுவதில்லை.

வீட்டில் உட்கார முடியவில்லை. மாடிக்குப் போகிறேன், இறங்குகிறேன், டீ போடுகிறேன், குடிக்காமல் திரும்ப மாடிக்குப் போகிறேன். "மேல என்ன ரோடு ரோலர் ஓட்டறீங்களா?" என்று பின்பக்கத்துப் போர்ஷன்காரர் கேட்டுவிட்டார். ரொம்பப் பேஜாராக இருக்கிறது வீணா.

ஊருக்கெல்லாம் பூச்சி விரட்டுகிறவன் சொந்த வீட்டில் பூச்சிக்குப் பாய் விரிக்க வேண்டும், அதுதானே உன் உத்தரவு? கம்பெனியில் தெரிந்தால் என் மானம் போய்விடும். சரி, போகட்டும். எப்படிக் கூப்பிடுவது என்று சொல்.

இளங்கோவன்

அடுகோடி
3 மார்ச்

உங்களுக்கு,

படுத்துக்கொண்டே போனில் வீடியோ பார்த்து நான் பெரிய ஆளாகிவிட்டேன். சிரிக்காமல் கேளுங்கள்.

பூச்சியைக் கூப்பிட வெற்றிலை பாக்கு வைக்க வேண்டாம், பூ வைத்தால் போதும். கொத்தமல்லியைப் பறித்துப் பறித்துக் குழம்பில் போடாமல் பூக்க விடுங்கள். இங்கே சப்பசிகெ சொப்பு என்கிற சதகுப்பைக் கீரையும் கடுகும் நர்சரியில் மொட்டு வைத்த செடியாகவே கிடைக்கும், இரண்டு பக்கெட்டில் நடுங்கள். நல்ல பூச்சிகளுக்கு வாய் சின்னது. இந்த மாதிரிப் பொடிப் பூவில்தான் அவை தேன் குடிக்கும். தாய் பூவில் குடிக்கும், பிள்ளைகள் செடிப்பேனைத் தின்னும். கடுகில் செடிப்பேன் அப்பினால் பிடுங்கி எறியாதீர்கள். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு அடுப்பை அணைப்பார்களா?

எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி விடுகிற இனிப்புத் தண்ணீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்குமாம், அதைத் தின்ன வண்டு வந்தால் கடித்து விரட்டுமாம். தொட்டி ஸ்டாண்டின் காலுக்குக் கீழே கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். எறும்புச் சாக்பீஸ் கீக்பீஸ் என்று ஏதாவது கிழித்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

அதற்கப்புறம் சும்மா இருக்க வேண்டும். அதுதான் உங்களுக்குக் கஷ்டம், தெரியும். எனக்கும் அதே தண்டனைதான். பாத்ரூமுக்குப் போனால்கூட "மெதுவா, மெதுவா" என்று அக்கா பின்னாலேயே வருகிறாள். ஃபேனைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன். உள்ளே நடப்பது எனக்குத் தெரியாது, நான் செய்ய ஒன்றும் இல்லை. எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கிறது.

போன தடவைகளில் கலைந்த மாதம் இதுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் சுற்றுகிறார்கள். உங்களிடமாவது சொல்லிக்கொள்கிறேன்.

வீணா

ஆஸ்டின் டவுன்
17 மார்ச்

வீணாம்மாவுக்கு,

ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறது. டேங்கர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. போர்வெல் காற்றைத்தான் கக்குகிறது. நான் அரிசி கழுவின தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, குடிக்கிற தண்ணீரை எறும்புக் கிண்ணத்துக்கு ஊற்றுகிறேன். குளிப்பது பற்றிக் கேட்காதே.

கடுகு பூத்துவிட்டது. சப்பசிகெ மஞ்சள் குடை மாதிரி விரிந்திருக்கிறது. தேனீ போலக் கோடு போட்ட ஒரு குட்டி ஈ வந்தது. அந்தரத்தில் அப்படியே நிற்கிறது, ஆடவில்லை அசையவில்லை. பழக்க தோஷத்தில் கையை ஓங்கிவிட்டேன். ஓங்கின கையைத் தலையில் வைத்துச் சொறிந்துகொண்டேன். போன புதன்கிழமை ஒரு பொறிவண்டு! சிவப்பு, கறுப்புப் புள்ளி. கடுகில் உட்கார்ந்தது. நான் மூச்சுக்கூட விடவில்லை. கொஞ்ச நேரம் நடந்து பார்த்தது, பறந்துவிட்டது. "இரும்மா, எங்க போற?" என்று வாய்விட்டே கேட்டேன். நிற்காமல் போகிற ஆட்டோ மாதிரி போய்விட்டது.

வருகின்றன, ஆனால் எதுவும் தங்கவில்லை. செம்பருத்தியில் மாவுப்பூச்சி மட்டும் நன்றாகத் தங்குகிறது. இந்த வெயிலுக்குக் கிளை கிளையாக வெள்ளை ஏறுகிறது. கை அரிக்கிறது வீணா. ஐந்து நிமிஷ வேலை. செய்யாமல் நிற்பதற்கு எனக்கு வியர்க்கிறது.

இன்னொன்று. ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிற பிரிவுக்கு மாற்றித் தரக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். யூனிஃபார்மில் மருந்து வாசனை இருக்காது. வலை அடிப்பது போரடிக்கிற வேலை, ஆணி, சட்டம், ஆணி, சட்டம். ஆனால் உன்னிடம் வரலாம் அல்லவா? எப்போது வரட்டும்?

இளங்கோ

அடுகோடி
24 மார்ச்

இளங்கோ,

இப்போது வர வேண்டாம். உங்களைப் பார்த்தால் உங்கள் கூடவே கிளம்பிவிடுவேன்.

இந்தப் பெட்டியில் இருப்பது மாவுப்பூச்சியைத் தின்கிற வண்டு. எங்கோ ஒரு லேபில் வளர்த்துக் கொடுக்கிறார்களாம், அக்கா வீட்டு நாகேஷ் மாமா போய் வாங்கிவந்தார். அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "உன் வீட்டுக்காரருக்கு சீர் அனுப்பறியா?" என்கிறாள். கறுப்பு உடம்பு, தலையும் பின்பக்கமும் ஆரஞ்சு. வெயில் தாழ்ந்த பிறகு செம்பருத்திக்குக் கீழே வைத்து மூடியைத் திறந்துவிடுங்கள். அது மாவுப்பூச்சி நடுவிலேயே முட்டை போடும். இன்னும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஆனால் மௌரீன் அக்கா வாசலில் நின்றுகொண்டு "பஸ் போயிடும் வீணா, பூச்சிய கையில வெச்சுக்கிட்டு நான் நின்னுட்டே போகணுமா?" என்று கத்துகிறாள்.

கவனமாக இருங்கள். அவற்றை எதுவும் செய்துவிடாதீர்கள்.

வீணா

ஆஸ்டின் டவுன்
14 ஏப்ரல்

என் வீணாம்மாவுக்குப் புத்தாண்டு வாழ்த்து!

நல்ல நாளில் நல்ல சேதி சொல்ல வேண்டும் என்றுதான் இன்றைக்கு எழுதுகிறேன்.

உன் வண்டுகளைத் திறந்துவிட்டேன். கொஞ்ச நாள் செம்பருத்தியில் சுற்றின. அப்புறம் ஒன்றையும் காணோம், பொறிவண்டு போன வழியிலேயே போய்விட்டன போலிருக்கிறது. நீ ஆசையாக அனுப்பியது என்பதால் உனக்கு எழுத மனம் வரவில்லை. இந்த வாரம் மாடிக்குப் போய்ப் பார்த்தால் தலையில் இடி. மாவுப்பூச்சி திரும்ப வந்திருக்கிறது, அதுவும் சும்மா இல்லை, சாதாரணத்தைப் போல இரண்டு பங்கு பெரிசு. உடம்பெல்லாம் வெள்ளைச் சடை தொங்குகிறது. இலை, கிளை, மொட்டு எல்லா இடத்திலும். விரலை வைத்தால் குடுகுடுவென்று ஓடுகிறது. இந்தச் சாதியை நான் பார்த்ததே இல்லை.

ஆனால் கேள், மருந்து ஒரு சொட்டு தொடவில்லை. லீவு போட்டேன். பழைய டூத்பிரஷ், ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீர். காலையில் உட்கார்ந்தவன் சாப்பிடக்கூட எழவில்லை. இலை இலையாகத் திருப்பி, கணு கணுவாகத் தேய்த்து, அவ்வளவையும் பக்கெட்டில் தள்ளிவிட்டேன். இப்போது வந்து பார், செம்பருத்தி பளபளவென்று கல்யாணப் பெண் மாதிரி நிற்கிறது. ஒரு வெள்ளைப் புள்ளி கிடையாது. இத்தனை நாள் கழித்து இன்றைக்குத்தான் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இப்போது சொல், எப்போது வருகிறாய்?

உன் இளங்கோ

அடுகோடி
16 ஏப்ரல்

மாவுப்பூச்சி ஓடாது. ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும்.

ஓடியது வண்டின் பிள்ளைகள். மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் அவை அதன் நடுவில் போய்த் தின்னும். செடி முழுக்க இருந்தன என்றால் எவ்வளவு நன்றாகப் பெருகியிருக்கின்றன. நீங்கள் லீவு போட்டு, சோறு தின்னாமல், ஒன்று விடாமல் தேய்த்திருக்கிறீர்கள்.

பெட்டியோடு வந்த துண்டுச் சீட்டில் இது இருந்தது. படித்தேன். எழுத நினைத்தேன். மௌரீன் அக்கா அவசரப்படுத்தினாள், மடித்துக் கொடுத்துவிட்டேன். உங்களைத் திட்ட ஆரம்பித்தால் அடுத்தது என்னைத் திட்ட வேண்டியிருக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

நேற்றிலிருந்து எனக்கும் உடம்பு சரியில்லை. அக்கா ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறாள். இதற்கு மேல் எழுத முடியாது.

ஆஸ்டின் டவுன்
21 ஏப்ரல்

வீணா,

உன் கடிதத்தை மௌரீன் அக்கா கொடுத்த அன்றைக்கே அடுகோடிக்கு ஓடிவந்தேன். வீடு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் உன் அக்கா என்னை மறித்துக்கொண்டாள். "உள்ள வராதீங்க இளங்கோ. உங்கள பாத்தா அவ அழுவா, அழக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." என்னை மாதிரி ஆளுக்கு அது நியாயம்தான். வாட்ச்மேன் விரட்டுகிற வரைக்கும் கேட்டுக்கு வெளியே நின்றேன். மறுநாளும் வந்தேன். உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரத்தம் என்று மட்டும் அக்கா சொன்னாள். நின்றதா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. மௌரீன் அக்கா என்னைப் பார்த்தாலே வீட்டுக்குள் போய்விடுகிறாள். அவள் பேசாமல் போவதுதான் எனக்கு அதிக பயமாக இருக்கிறது.

உன்னை அழவைக்கிற எதைப் பார்த்தாலும் துடைத்துப் போடச் சொல்லி எனக்குக் கை பறக்கிறது. துடைக்கும்போது கூட எது போகிறது என்று பார்ப்பதில்லை. நிலைக்குளவியை அப்படித்தான் துடைத்தேன், இவற்றையும் அப்படித்தான். அந்தப் பக்கெட்டில் அவை நீந்தப் பார்த்தன வீணா. எவ்வளவு துடிப்பான பூச்சி என்று எரிச்சல் பட்டேன்.

நீ வரவே வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் இரு. நீயும் அதுவும் நன்றாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுது. அது போதும்.

இளங்கோவன்

அடுகோடி
28 ஏப்ரல்

இளங்கோ,

நின்றுவிட்டது. நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தையின் துடிப்பை எனக்கும் கேட்க வைத்தார்கள். ஓடுகிற ரயில் மாதிரி தடதடவென்று கேட்டது. உங்களுக்குக் கேட்க வைக்க முடியவில்லையே என்று அங்கேயே அழுதேன், திட்டு வாங்கினேன்.

நீங்கள் கேட்டில் நின்றதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். சட்டையைக்கூட அயர்ன் பண்ணாமல் வந்திருந்தீர்கள்.

முன்னே கலைந்த மாதங்களைத் தாண்டிவிட்டேன். இருந்தாலும் பயம் போகவில்லை. மாடியைப் பற்றி நீங்களாக எதையும் ஜோடித்து எழுத வேண்டாம். இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் எழுதாதீர்கள்.

வீணா

ஆஸ்டின் டவுன்
8 மே

வீணாம்மா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் காரணம், இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது. இனி சொல்லலாம்.

மழை வந்துவிட்டது. முதல் மழையன்று டேங்கில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க அதற்குப் பின்பக்கம் போனேன். அங்கே உடைந்த பக்கெட்டில் நீ நட்ட செம்பருத்திக் குச்சி ஒன்று உண்டு, ஞாபகம் இருக்கிறதா? குப்பையில் போட வேண்டும் என்று ஒதுக்கி வைத்து, மறந்தே போன செடி. அன்றைக்கு நான் தேய்த்தபோது அது கண்ணில் படவில்லை. குனிந்து பார்த்தால் அதன் தண்டு முழுக்க வெள்ளைச் சடை. விரலை நீட்டினேன். ஓடியது.

நான் அப்படியே மழையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு அந்தப் பக்கெட்டைத் தொடவில்லை, நகர்த்தவில்லை. வேலைக்குப் போகுமுன் ஒரு எட்டு, வந்ததும் ஒரு எட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பேன். ஒரு நாள் எல்லாம் இலைக்கடியில் சுருண்டு ஒட்டிக்கொண்டன, செத்துவிட்டன என்று நினைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அப்போதும் தொடவில்லை. நேற்று கூட்டைக் கிழித்துக்கொண்டு கறுப்பு வண்டு வெளியே வந்தது. தலையும் பின்பக்கமும் ஆரஞ்சு. இன்று காலையில் நான் பளபளவென்று ஆக்கிய பெரிய செம்பருத்தியில் உட்கார்ந்திருந்தது. அங்கே மாவுப்பூச்சி மறுபடி ஏறியிருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக மாவுப்பூச்சியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நீ நம்ப மாட்டாய், வேண்டுமானால் மௌரீன் அக்காவைக் கேள், அவளை மாடிக்கு இழுத்துவந்து காட்டியிருக்கிறேன். ஆணியில் மாட்டிய ஸ்ப்ரேயரில், கைப்பிடிக்கும் விசைக்கும் நடுவில், குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. பக்கத்துப் பூந்தொட்டியிலிருந்து ஈரமண்ணை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து கட்டுகிறது. பச்சைப் புழுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவதையும் பார்த்தேன், கத்தரிச் செடியில் இலை தின்றுகொண்டிருந்த புழுதான். கூட்டை உடைக்காமல் இனி அந்த விசையை அழுத்த முடியாது.

நான் அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையில் எதுவும் இல்லை.

இளங்கோ

அடுகோடி
10 மே

என்னங்க,

மௌரீன் அக்காவைக் கேட்டேன். "ஆமா வீணா, உன் வீட்டுக்காரரு அது முன்னாடி வாட்ச்மேன் மாதிரி உக்காந்திருக்காரு" என்றாள். உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். குளவி வந்த இடத்தில் நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தப் போய்விட்டாள்.

நேற்று உள்ளே அசைந்தது. முதலில் வாயு என்று நினைத்தேன். பிறகு மறுபடியும். விரலை நீட்டினால் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த மாதிரிதான்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். டாக்டரம்மாவிடம் கேட்டாயிற்று, படி ஏறாமல் இருந்தால் போகலாம் என்றார். மாடியைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன், அது எங்கேயும் போகாது. ஆட்டோக்காரரிடம் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், இங்கே தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

வருவதற்கு முன்னால் வீட்டைச் சுத்தம் பண்ண வேண்டாம்.

வீணா